மலைப்பாதைகளில் நடந்த மேய்ப்பர்: புனித கத்பேட்

ஸ்கொத்லாந்தின் தென்பகுதியிலே துவீட் என்னும் ஆறு பாய்கிறது. அதன் கரையில் மெல்றோஸ் என்றொரு சிறு பட்டினம் உண்டு. 1136ஆம் ஆண்டிலே அங்கு நிறுவப்பட்ட துறவிமடம் இன்று கூரையிழந்து, வெறுங் கற்சுவர்களோடு நிற்கிறது. அந்த மடத்தின் அருகிலிருந்து ஒரு நடைவழி புறப்படுகிறது. முதுகிலே பையும் கையிலே ஊன்றுகோலுமாக ஆண்டுதோறும் பலர் அவ்வழியே நடக்கிறார்கள். குன்றேறி, ஆறு கடந்து, புல்வெளியும் காடும் தாண்டி, ஐந்தாறு நாட்களில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நடந்தால் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள லின்டிஸ்பார்ண் தீவை அடையலாம். 1996ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இந்த வழிக்குப் புனித கத்பேட் வழி என்று பெயர்.

யார் இந்தக் கத்பேட்? ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் பெயரை இன்றைய நடைவழி ஒன்றுக்கு ஏன் இட்டார்கள்? அவர் மெல்றோசிலே துறவியானார், லின்டிஸ்பார்ணிலே அடக்கஞ் செய்யப்பட்டார், ஆகவே இரண்டையும் இணைக்கும் வழிக்கு அவர் பெயர் பொருந்தும் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். அது உண்மையே. ஆயினும், அன்பான வாசகர்களே, அவர் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால் வேறொன்றும் தெரியவரும். அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே, ஒருவரும் எட்டிப்பாராத மலைக்கிராமங்கள் அன்று பல இருந்தன. கத்பேட் என்னும் மனிதர் உருவானது அங்கேதான்.

அவருடைய வரலாற்றை முதலில் எழுதியவர் லின்டிஸ்பார்ண் மடத்துத் துறவி ஒருவர். தம் பெயரை அவர் குறிப்பிடவில்லை. பின்னர், 721ஆம் ஆண்டளவில், திருச்சபையின் மறைவல்லுநராகப் போற்றப்படும் புனித பீட் அதனை விரிவாக எழுதினார். கத்பேட்டுடன் வாழ்ந்தவர்களிடம் கேட்டறிந்து எழுதிய நூலாதலால் அதனை நாம் நம்பிப் படிக்கலாம்.

ஆட்டிடையன்

கத்பேட் பிறந்தது 635ஆம் ஆண்டளவில். அக்காலத்திலே ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இன்றுள்ள எல்லை இருக்கவில்லை. மெல்றோசும் லின்டிஸ்பார்ணும் நோர்தம்பிரியா என்ற ஒரே அரசின் கீழ் இருந்தன. அதே 635ஆம் ஆண்டிலேதான் ஐயோனாத் தீவிலிருந்து புனித ஏய்டன் என்ற துறவி அங்கு வந்து, லின்டிஸ்பார்ணில் மடம் அமைத்து நற்செய்தியைப் போதிக்கத் தொடங்கினார். ஏய்டன் எங்கும் கால்நடையாகவே செல்பவர். ஓஸ்வின் அரசன் அவருக்கு ஒரு நல்ல குதிரையைக் கொடுத்தபோது, வழியிலே பிச்சை கேட்ட ஏழை ஒருவனுக்கு அதனைச் சேணத்தோடு கொடுத்துவிட்டார்.

சிறுவன் கத்பேட் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் மல்யுத்தத்திலும் கெட்டிக்காரன். தன் வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் வென்றுவிடுவான், அதிலே பெருமையும் உண்டு. ஒருமுறை முழங்கால் வீங்கி அவனால் நடக்க முடியாமற் போயிற்று. வெள்ளாடை அணிந்து குதிரையில் வந்த வழிப்போக்கர் ஒருவர், கோதுமை மாவைப் பாலிலே காய்ச்சிச் சூட்டோடு பூசும்படி சொல்லிப் போனார். அப்படியே செய்ய வீக்கம் வற்றியது. வந்தவர் வானதூதர் என்று அவன் நம்பினான். பிற்காலத்திலே எத்தனையோ மைல் நடக்கவிருந்த கால்கள் அவை!

651ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசி இரவு. அவன் மலைச்சாரலிலே ஆடுகளுக்குக் காவலிருந்தான். கூட்டாளிகள் உறங்கிவிட்டார்கள். அவன் மட்டும் விழித்துச் செபித்துக்கொண்டிருந்தபோது, வானத்திலிருந்து பேரொளி இறங்குவதையும், தூதர்கள் ஓர் ஆன்மாவை ஏந்திக்கொண்டு திரும்புவதையும் கண்டான். அந்த இரவிலே ஏய்டன் இறந்தார் என்ற செய்தி பின்னர் வந்தது. ஆடுகளை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவன் மெல்றோஸ் மடத்தை நோக்கிப் புறப்பட்டான்.

இன்று சுற்றுலாப் பயணிகள் காணும் மடம் பிந்திய காலத்தது. கத்பேட் சென்ற பழைய மெல்றோஸ் அதற்குக் கிழக்கே சில மைல் தூரத்தில், துவீட் ஆறு வளைந்தோடும் ஒரு மேட்டிலே இருந்தது. குதிரையில், கையிலே ஈட்டியுடன் வந்திறங்கிய இளைஞனை வாசலில் நின்ற பொய்சில் என்ற மூத்த குரு கண்டார். கண்டவுடனே, இவன் ஆண்டவருடைய ஊழியன் என்று அறிந்துகொண்டாராம். அந்தப் பொய்சிலின் பெயராலேயே, புனித கத்பேட் வழி கடந்து செல்லும் ஓர் ஊர் இன்றும் புனித பொஸ்வெல்ஸ் என அழைக்கப்படுகிறது.

ஊன்றுகோலும் சப்பாத்தும்

சில ஆண்டுகளின் பின் றிப்பன் என்ற இடத்திலே புதிய மடமொன்று தொடங்கியபோது, மெல்றோஸ் அதிபர் ஈற்றா கத்பேட்டையும் அழைத்துச் சென்றார். விருந்தினரை உபசரிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் வந்த இளைஞன் ஒருவனின் கால்களைக் கழுவி, குளிர் போகத் தம் கைகளாலே தேய்த்துவிட்டார். உணவு எடுத்துவர உள்ளே போய்த் திரும்பியபோது ஆளைக் காணவில்லை. வெளியே பனியிலே காலடித் தடமும் இல்லை. உள்ளே மூன்று பாண்கள் மட்டும் இருந்தன என்று பீட் எழுதுகிறார்.

றிப்பனில் அவர்கள் நீண்டகாலம் இருக்க முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு எந்நாளில் வரவேண்டும் என்பதைக் கணிப்பதில், ஐயோனாவிலிருந்து வந்த வழக்கமும் உரோமைய வழக்கமும் வேறுபட்டன. பழைய வழக்கத்தை விட மனமில்லாத ஈற்றாவும் கத்பேட்டும் மெல்றோசுக்கே திரும்பினார்கள்.

திரும்பிய சில காலத்திலே கொள்ளைநோய் வந்தது. கத்பேட்டும் அதிலே விழுந்தார். மடத்தவர் ஓர் இரவு முழுவதும் உறங்காமல் அவருக்காகச் செபித்தார்கள். காலையிலே ஒருவர் அதனை அவரிடம் சொல்ல, இத்தனை பேருடைய செபம் வீண்போகுமா, நான் ஏன் இன்னும் படுத்திருக்கிறேன் என்று நினைத்து, அவர் தம் ஊன்றுகோலையும் சப்பாத்தையும் கேட்டார். எழுந்து அடி வைத்தார். நாளடைவிலே குணமும் அடைந்தார். ஆனால் உடலின் உள்ளே தங்கிய நோவு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. இனி நாம் சொல்லப்போகும் நடையெல்லாம் அந்த நோவோடு நடந்த நடை என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

அடுத்து நோய் பொய்சிலைப் பற்றியது. தமக்கு இன்னும் ஏழு நாட்களே உண்டு என்று அவர் உணர்ந்தார். அந்த ஏழு நாளும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து புனித அருளப்பர் நற்செய்தியைப் படித்தார்கள். நாளுக்கொரு பகுதியாக ஏழாம் நாளிலே வாசிப்பும் முடிந்தது, பொய்சிலின் வாழ்வும் முடிந்தது. அவர் வகித்த துணைத்தலைவர் பொறுப்பு கத்பேட்டிடம் வந்தது. அதனுடன் அவருடைய வழக்கம் ஒன்றும் வந்தது. அதுதான் மடத்தை விட்டு வெளியேறி, ஊரூராய் மக்களைத் தேடிப் போகும் வழக்கம்.

யாரும் போகாத ஊர்கள்

கொள்ளைநோய்க் காலத்திலே திருமுழுக்குப் பெற்றவர்கள் பலர் பயத்தினாலே பழைய மந்திரங்களுக்கும் தாயத்துகளுக்கும் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் செத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் அருகிலே அவர்களோடு இருக்க அங்கே குருவானவர் யாராவது இருந்தாரா? செங்குத்தான மலைகளின் உள்ளே ஒளிந்து கிடந்த அக்கிராமங்களுக்குப் போகப் போதகர்கள் அஞ்சினார்கள் என்று பீட் மறைக்காமல் எழுதுகிறார். பாதை கடினம், மக்களோ பரம ஏழைகள், பழக்கவழக்கம் அறியாதவர்கள். ஆதலால் எல்லாரும் சமவெளியோடு நின்றுவிட்டார்கள்.

கத்பேட் அந்த ஊர்களையே தெரிந்துகொண்டார். சில வேளை குதிரையிலும் பெரும்பாலும் நடந்துமே போனார். போனால் ஒரு வாரம், இரண்டு வாரம், சிலபோது ஒரு மாதம் முழுவதும் மடத்துக்குத் திரும்பமாட்டார். மக்கள் தாமாகவே தங்கள் பாவங்களை மனந்திறந்து அவரிடம் சொன்னார்கள். இவரிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியதாம். தங்கள் குடிசைக்கு நடந்தே வந்து, தாங்கள் உண்பதையே உண்டு, தங்களோடு தங்கியிருப்பவரிடம் ஒளிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இன்று அந்த வழியிலே நடப்பவர்கள் அவர் கண்ட நிலத்தையே காண்கிறார்கள். மெல்றோசைத் தாண்டியதும் ஈல்டன் குன்றுகள். பின்னர் அவர் காலத்திலேயே பழையதாகிவிட்ட உரோமையரின் நேரான வீதி. அதன் பின் தீவியட் ஆறு. கேர்க் யெற்றம் என்ற ஊரை அடையுமுன் வைட்ஓப்பன் குன்று, 368 மீற்றர் உயரம், வழியிலே மிக உயர்ந்த இடம் அதுவே. அப்பால் செவியட் மலைகளின் சரிவு. இன்று நடப்பவருக்குப் பாதைக் குறிகள் உண்டு, தேசப்படம் உண்டு, மாலையிலே தங்கச் சூடான அறையும் உண்டு. கத்பேட்டுக்கு இவை ஒன்றுமில்லை.

தீவியட் ஆற்றங்கரையிலே நடந்த ஒரு சம்பவத்தை அந்தப் பெயர் தெரியாத துறவி எழுதிவைத்திருக்கிறார். ஒரு பையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கத்பேட் நடந்துபோகிறார். பசி வேளை. வழியிலே தெரிந்தவர் வீடில்லை. அப்போது ஒரு கழுகு ஆற்றிலே மீன் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தது. பையன் ஓடிப்போய் மீனை எடுத்துவந்தான். கழுகும் பசியோடுதானே இருக்கும், அதன் பங்கை ஏன் கொடுக்கவில்லை என்று கத்பேட் கேட்டார். மீனை இரண்டாக வெட்டி, பாதியைக் கழுகுக்குப் போட்டபின்பே மற்றப் பாதியைக் குடிசை ஒன்றிலே சுட்டு, அங்கிருந்தவர்களோடு பகிர்ந்து உண்டார்கள்.

கடல் நடுவே

664ஆம் ஆண்டிலே விட்பி என்ற இடத்தில் கூடிய சங்கம், உயிர்த்த ஞாயிறு பற்றிய உரோமைய வழக்கமே நாடெங்கும் நிலவவேண்டும் என்று தீர்மானித்தது. சிலர் மனக்கசப்போடு நாட்டை விட்டே போனார்கள். கத்பேட் திருச்சபையின் முடிவை ஏற்றார். பின்னர் ஈற்றா அவரை லின்டிஸ்பார்ண் மடத்துக்குத் துணைத்தலைவராக அனுப்பினார். அங்கே பழைய பழக்கங்களை விட மறுத்த துறவிகள் சிலர், கூட்டங்களிலே அவரைக் கடுஞ்சொற்களாற் குத்தினார்கள். பேச்சு எல்லை மீறினால் அவர் முகஞ்சுளிக்காமல் எழுந்து கூட்டத்தைக் கலைத்துவிடுவார். மறுநாள் ஒன்றும் நடவாதது போல வந்து, அதே காரியத்தை அதே பொறுமையோடு மீண்டும் எடுத்துச் சொல்வார். காலப்போக்கிலே அவர்கள் மனம் மாறினார்கள்.

இத்தனை பேரோடு வாழ்ந்தவருக்கு உள்ளூர ஓர் ஏக்கம் இருந்தது. இறைவனோடு தனித்திருக்கவேண்டும் என்பதே அது. 676ஆம் ஆண்டிலே அனுமதி பெற்று, லின்டிஸ்பார்ணுக்குத் தெற்கே கடலிலுள்ள உள் பார்ண் என்ற பாறைத் தீவிலே ஒரு குடில் அமைத்தார். சுற்றுச்சுவரை ஆளுயரத்துக்கு மேலே எழுப்பினார். உள்ளிருந்து பார்த்தால் வானம் மட்டுமே தெரியும். அங்கே சப்பாத்தைக்கூட மாதக்கணக்காகக் கழற்றமாட்டார். பெரிய வியாழனன்று பாதங் கழுவும் சடங்குக்காகவே கழற்றுவார். வாற்கோதுமை விதைத்தார். கொத்தவந்த பறவைகளைக் கல்லெறிந்து விரட்டாமல் நயமாய்ச் சொல்லியே அனுப்பினாராம். அக்கடலோரத்துக் கடல்வாத்துகளை ஊர்மக்கள் இன்றும் செல்லமாகக் கத்பேட்டின் வாத்து என்று அழைக்கிறார்கள்.

ஆனால் மக்கள் விட்டார்களா? துன்பப்பட்டவர்கள் வள்ளமேறி அந்தப் பாறைத் தீவுக்கும் வந்தார்கள். அவரும் ஆறுதல் சொல்லியே அனுப்பினார்.

மீண்டும் வழியிலே

684ஆம் ஆண்டு பேராயர் தியடோரின் தலைமையிற் கூடிய சங்கம் அவரை ஆயராகத் தெரிவுசெய்தது. கடிதங்கள் போயின, தூதர் போயினர். அவர் அசையவில்லை. முடிவில் எக்பிரித் அரசனே வள்ளமேறித் தீவுக்கு வந்து, உடன் வந்தவர்களோடு முழந்தாளிட்டு மன்றாடினான். கண்ணீரோடு கத்பேட் எழுந்து சென்றார். 685ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று யோர்க் நகரிலே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருக்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது.

இரண்டு மாதம் ஆகுமுன்னே அரசன் போரிலே மாண்டான். நாட்டிலே மீண்டும் கொள்ளைநோய் பரவியது. ஆயராகிவிட்டவர் என்ன செய்தார்? மறுபடியும் ஊன்றுகோலை எடுத்தார். சாவு புகுந்து பாதி வெறுமையான ஊர்களைத் தேடித் தேடி நடந்தார்.

அந்நாளில் ஒரு கிராமத்திலே நடந்ததைக் கேளுங்கள். உயிர் தப்பியிருந்த சிலருக்குப் போதித்து, ஆசீர்வதித்து முடித்தபின், இன்னும் நான் பார்க்கவேண்டிய யாராவது இந்த ஊரில் மிஞ்சியிருக்கிறார்களா என்று உடனிருந்த குருவிடம் கேட்டார். குரு சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்திலே ஒரு பெண் நின்றாள். சற்று முன்னர்தான் ஒரு மகனைப் பறிகொடுத்தவள். மற்ற மகன் அவள் கைகளிலே சாகுந் தறுவாயிற் கிடந்தான். கிட்ட வரவும் அவளுக்குத் திராணியில்லை. கத்பேட் தாமே நடந்து அவளிடம் போனார். பிள்ளையை ஆசீர்வதித்தார். நோய் தொற்றும் என்று ஒதுங்காமல் குனிந்து முத்தமிட்டார். பிள்ளை பிழைப்பான், உன் வீட்டிலே இனி யாரும் சாகமாட்டார்கள் என்று தாயைத் தேற்றினார். தாயும் மகனும் பின்னர் நெடுங்காலம் வாழ்ந்து அதற்குச் சாட்சியாயிருந்தார்கள்.

கடைசி நாட்கள்

தம் முடிவு நெருங்குவதை அவர் உணர்ந்திருந்தார். டேர்வென்ற் ஏரித் தீவொன்றிலே தனித்து வாழ்ந்த ஹேர்பேட் என்ற குரு அவருடைய நெடுநாளைய நண்பர். ஆண்டுக்கொருமுறை சந்திப்பது வழக்கம். கார்லைல் நகரிலே சந்தித்தபோது, இனி இவ்வுலகில் நாம் காணமாட்டோம் என்று கத்பேட் சொல்ல, ஹேர்பேட் அழுது, தம்மையும் உடனழைத்துப் போகும்படி இரந்தார். பிற்பாடு இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள்.

686ஆம் ஆண்டு நத்தார் முடிந்ததும் கத்பேட் தம் தீவுக்குத் திரும்பினார். இரண்டு மாதத்திலே நோய் கண்டது. புயலினாலே ஐந்து நாள் யாரும் அவரிடம் போகமுடியவில்லை. ஆறாம் நாள் போனவர்கள், அவர் கரையருகே விருந்தினர் குடிலிலே ஐந்து வெங்காயங்களோடு தனியே இருப்பதைக் கண்டார்கள். அந்த ஐந்து நாளும் அவருக்கு அதுவே உணவு. அவற்றிலும் ஒன்றிலே பாதிகூட உண்ணப்பட்டிருக்கவில்லை. 687ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி விடியுமுன், நற்கருணை உட்கொண்டு, கைகளை உயர்த்தியபடி அவர் உயிர் நீத்தார். உடனிருந்த துறவி ஒருவர் இரண்டு தீப்பந்தங்களை உயர்த்திக் காட்டினார். கடலுக்கு அப்பால் லின்டிஸ்பார்ணிலே விழித்திருந்தவர் அந்த ஒளியைக் கண்டு செய்தியை அறிந்தார்.

பதினொரு ஆண்டுகளின் பின், 698இல், கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்தது. அந்தக் கால்களிலிருந்த சப்பாத்துகளைத் துறவிகள் பேணிவைத்தார்கள். பக்கவாதத்தினாலே அசையமுடியாமற் கிடந்த இளைஞன் ஒருவனுக்கு அவற்றை அணிவித்தபோது அவன் எழுந்து நடந்தான் என்று பீட் எழுதுகிறார்.

இறந்தபின்பும் கத்பேட்டின் பயணம் ஓயவில்லை. 793இல் வைக்கிங் கொள்ளையர் லின்டிஸ்பார்ணைத் தாக்கினார்கள். 875இல் ஆபத்து மீண்டும் நெருங்கியபோது, துறவிகளும் மக்களும் அவருடைய பேழையைச் சுமந்துகொண்டு வீடுவாசல் விட்டுப் புறப்பட்டார்கள். ஏழு ஆண்டுகளாக ஊரூராய் அலைந்தார்கள். நடைவழியின் பிற்பகுதியிலே கத்பேட் குகை என்ற மணற்பாறைக் குகை ஒன்றுண்டு. அங்கே அவர்கள் பேழையோடு தங்கினார்கள் என்பது மரபுவழிச் செய்தி. 883இல் செஸ்ரர்-லி-ஸ்ரீற் என்ற ஊரிலும், 995இல் டறம் நகரிலும் அந்த உடல் வைக்கப்பட்டது. இன்றும் டறம் பேராலயத்திலே அவருடைய கல்லறை இருக்கிறது. 1104ஆம் ஆண்டு பேழையைத் திறந்தபோது உள்ளங்கை அளவான ஒரு சிறு நூல் கிடைத்தது. அது புனித அருளப்பர் நற்செய்தி! ஆசிரியரோடு ஏழு நாள் படித்த அதே நற்செய்தியின் பிரதி ஒன்றை, அவர் மறைந்தபின் அன்பர்கள் அவருடன் வைத்திருந்தார்கள். 2012ஆம் ஆண்டிலே பிரித்தானிய நூலகம் 90 இலட்சம் பவுண் கொடுத்து அதனை வாங்கியது.

புனித கத்பேட் வழியின் கடைசிப் பகுதி கடல் மணலிலே செல்கிறது. நாளுக்கு இருமுறை கடல் பெருகி அதனை மூடிவிடும். வற்றும் வேளையிலே, நாட்டப்பட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று மைல் நடந்தால் தீவை அடையலாம். நடந்து முடித்தவர்கள் களைத்த கால்களோடும் நிறைந்த மனத்தோடும் அங்கே நிற்பார்கள்.

நம்மிற் பெரும்பாலோர் அந்த வழியைக் காணப்போவதில்லை. அதனாற் குறையொன்றுமில்லை. கத்பேட் தேடிப்போன ஊர்கள் அவருடைய மடத்திலிருந்து சில நாள் நடைத்தூரத்திலேதான் இருந்தன. போகக் கூடாத தூரமல்ல, போக மனமில்லாத தூரம். நம் பங்கிலும், நம் ஒழுங்கையின் கடைசியிலும், கூட்டத்துக்குக் கிட்ட வரத் திராணியின்றி எட்டி நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். இன்னும் பார்க்கவேண்டியவர் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று அந்த முதிய ஆயர் கேட்ட கேள்வியை, மார்ச் 20ஆம் திகதி அவருடைய திருநாள் வரும்போதாவது, நம் வீட்டிலே ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.